இரு நாட்டுக் கூட்டு ஆய்வு நிதி: பட்ஜெட், மாதிரி, உரிமை இவற்றை எப்போது, எப்படி முடிவு செய்வது?

நுண்வேர் (கேள்வி)

இரண்டு நாடுகளின் அறிவியல் நிதி முகமைகள் சேர்ந்து ஒரு கூட்டு அழைப்பு விட்டிருக்கின்றன. காலம் 36 மாதம். ஒவ்வொரு குழுவும் தன் நாட்டு முகமையிடம் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும், ஆனால் அறிவியல் பகுதி இரண்டிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஆய்வு, வேரைச் சுற்றிய மண்ணில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றியது. களப்பணி எங்கள் பக்கம். டி.என்.ஏ. வரிசைப்படுத்தலும் கணினிப் பகுப்பாய்வும் அவர்கள் பக்கம்.

அவர்களுடைய போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்) சம்பளத்தில் பாதியை எங்கள் பட்ஜெட்டில் காட்டலாமா? ஒரு முகமை ஏற்று, இன்னொன்று மறுத்தால் என்ன ஆகும்? மண் மாதிரியை அனுப்ப என்னென்ன அனுமதி தேவை? ஒப்பந்தத்தை விண்ணப்பத்துக்கு முன்பே போட வேண்டுமா, நிதி வந்தபிறகு போதுமா? இதற்கெல்லாம் பதிலாக ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதித் திட்டமான ஹொரைசன் ஐரோப்பாவுக்கே போய்விடலாம் என்றும் ஒரு யோசனை ஓடுகிறது. அது இதைவிடச் சுலபமா?

---

மூன்றாம்சுழி

சம்பளம் பற்றிய கேள்விக்கு முதலில்: காட்டக் கூடாது. பெயரில் ‘கூட்டு’ இருந்தாலும் பணப்பெட்டி இரண்டுதான். இந்த வகை அழைப்புகளில் அநேகமாக எல்லாமே ‘அவரவர் நாட்டுப் பணம் அவரவர் நாட்டுக்குள்’ என்ற விதியில்தான் ஓடுகின்றன. வெளிநாட்டுச் சம்பளம் ஒரு வரி இருந்தாலும் தகுதிச் சோதனையிலேயே கோப்பு திரும்பிவிடும். மதிப்பாய்வாளர் கண்ணிலேயே படாது.

அரசுகள் ஆய்வுக்குச் சேர்ந்து பணம் போடுவதில் ஏறக்குறைய மூன்று வழிகள் உண்டு. உங்கள் அழைப்பு எந்த வழி என்று தெரிந்தால் பாதிக் கேள்வி தானாகத் தீரும்.

முதல் வழி, உண்மையான பொதுப்பெட்டி. எல்லா நாடுகளும் ஓரிடத்தில் பணம் போட, அந்த அமைப்பு நேராகக் குழுக்களுக்குக் கொடுக்கும். ஸ்ட்ராஸ்பூர்கில் இருக்கும் ஹியூமன் ஃபிராண்டியர் சயன்ஸ் புரோகிராம் (1989 முதல், உயிரியல் மட்டும்) இப்படித்தான். ஹொரைசன் ஐரோப்பாவும் இந்த வகைதான். இங்கே பணம் எல்லை தாண்டும்.

இரண்டாம் வழி, பெயரளவுப் பொதுப்பெட்டி. மதிப்பாய்வு ஒன்று, தரவரிசைப் பட்டியல் ஒன்று, ஆனால் கொடுப்பது ஒவ்வொரு நாடும் தன் குழுவுக்கு மட்டும். ஐரோப்பாவின் எரா-நெட் (பல நாட்டு நிதி முகமைகளின் கூட்டமைப்பு) அழைப்புகளில் இது பழக்கப்பட்ட முறையாக இருந்தது. இதன் கோளாறு: ஒரு நாட்டின் ஒதுக்கீடு சீக்கிரம் தீர்ந்துவிட்டால், அந்த நாட்டுக் குழு இருக்கும் நல்ல திட்டமெல்லாம் விழுந்துவிடும். 4ஆம் இடத்துத் திட்டம் போய் 11ஆம் இடத்துத் திட்டத்துக்குப் பணம் கிடைப்பது இதனால்தான். பணத்தைக் குறைவாக ஒதுக்கிய நாட்டுக் கூட்டாளியைத் தேவையில்லாமல் சேர்ப்பது அதனால் ஆபத்து.

மூன்றாம் வழி, உங்களுடையது: இரண்டு முகமை, இரண்டு விண்ணப்பம், இரண்டு மதிப்பாய்வு, கடைசியில் ஒரு கூட்டுக்குழு உட்கார்ந்து இரண்டு பட்டியலிலும் மேலே இருப்பதை எடுக்கும். ஒருவர் மறுத்தால் திட்டம் அங்கேயே முடிந்தது. தோராயக் கணக்குப் போடுங்கள்: ஒவ்வொரு பக்கமும் ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் முடிவு செய்தால், இரண்டிலும் தேறுவது 25இல் ஒன்று. நல்ல முன்மொழிவு இரண்டு இடத்திலும் மேலேதான் வரும் என்பதால் நடைமுறையில் இவ்வளவு மோசம் இல்லை. இருந்தாலும் ஒரே தேர்வை இரண்டு முறை எழுதுவதுதான் இது.

இதைத் தவிர்க்கத்தான் ‘லீட் ஏஜென்சி’ முறை வந்தது. ஒரு முகமை மதிப்பாய்வு செய்யும், மற்றது அந்த முடிவை ஏற்று தன் பங்கை மட்டும் கொடுக்கும். ஜெர்மனியின் டி.எஃப்.ஜி., ஆஸ்திரியாவின் எஃப்.டபிள்யூ.எஃப்., சுவிட்சர்லாந்தின் எஸ்.என்.எஸ்.எஃப். முதலியவை ‘வீவ்’ என்ற பெயரில் இதைத்தான் செய்கின்றன. அமெரிக்காவின் என்.எஸ்.எஃப்.பும் சில நாடுகளுடன் இந்த ஏற்பாடு வைத்திருக்கிறது. உங்கள் இரு முகமைகளுக்கும் இடையே லீட் ஏஜென்சி ஒப்பந்தம் இருக்கிறதா என்று ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். இருந்தால் அதில் போவதுதான் புத்திசாலித்தனம்.

---

அளவுகோல்

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். பட்ஜெட் பக்கம் மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் தகுதிச் சோதனையில் விழுபவை அதிகமும் அங்கேதான் விழுகின்றன.

பணம் எல்லை தாண்டாது என்றால் வேலையும் எல்லை தாண்டக் கூடாது, முடிவுகள் மட்டும்தான் தாண்ட வேண்டும். ஒவ்வொரு வேலையும் முழுதாக ஒரு பக்கத்தில் இருக்கட்டும். ‘வரிசைப்படுத்தல்: இரு குழுவும் சேர்ந்து’ என்று எழுதினால், அதற்கான செலவு எந்தப் பட்ஜெட்டில் இருக்கிறது என்று இரண்டு கணக்காளர்களும் கேட்பார்கள். இரண்டிலும் இருந்தால் இரட்டைக் கணக்கு. இரண்டிலும் இல்லாவிட்டால் 14ஆம் மாதத்தில் வேலை நிற்கும்.

பயணச் செலவில் பெரும்பாலான இருதரப்புத் திட்டங்களின் வழக்கம்: அனுப்பும் நாடு விமானக் கட்டணம் தரும், ஏற்கும் நாடு தங்குமிடமும் தினப்படியும் தரும். விசா கட்டணம், மருத்துவக் காப்பீடு, உள்நாட்டு ரயில் இந்த மூன்றும் நடுவில் அநாதையாக நிற்கும். அழைப்பு அறிவிப்பில் யார் என்று சொல்லாவிட்டால் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, ‘ஒரு வருகை’ என்பதற்கு உச்ச நாள்கணக்கு இருக்கும். 14 நாள் வரம்பு உள்ள தலைப்பில் மூன்று மாதப் பயிற்சியை எழுதினால் வெட்டிவிடுவார்கள். நீண்ட தங்கல் வேறு தலைப்பில் வரும்.

தொடக்கத் தேதியைத்தான் யாரும் யோசிப்பதில்லை. இரண்டு முகமைகளும் ஒரே நாளில் அறிவித்தாலும் பணம் ஒரே நாளில் வராது. ஒரு பக்கம் ஐந்து மாதம் தாமதம் என்றால், 36 மாதத் திட்டத்தில் இரு குழுவும் சேர்ந்து இயங்குவது 31 மாதம். அதிலும் ஆள் எடுக்க மூன்று மாதம் போகும். எனவே முதல் ஆறு மாத வேலையை, அடுத்தவர் இன்னும் தொடங்கவில்லை என்றாலும் நடக்கும்படி அமையுங்கள். உங்கள் விஷயத்தில் களத்தேர்வு, அனுமதிகள், மாதிரி எடுக்கும் நெறிமுறை இவை அந்த இடத்துக்குப் பொருத்தம். அவர்கள் பக்கம், ஏற்கெனவே பொதுத்தளங்களில் இருக்கும் தரவை வைத்துப் பகுப்பாய்வு நிரல்களைத் தயார் செய்யலாம்.

களப்பணி பருவத்தைப் பொறுத்தது என்றால் இன்னும் கவனம். மூன்று வருடத் திட்டத்தில் மூன்று பருவம் கிடைக்கும் என்று எழுதாதீர்கள். முதல் பருவம் பணம் வருவதற்குள் போய்விடும், மூன்றாம் பருவத்து மாதிரியைப் பகுப்பாய்வு செய்ய நேரம் இருக்காது. ஒன்றரைப் பருவம் என்று கணக்கு வைத்து, அதில் நிற்கும் புள்ளியியல் வடிவமைப்பு போடுங்கள்.

பணமாற்று விகிதத்தையும் விடாதீர்கள். இரண்டு பட்ஜெட்டிலும் ஒரே தேதியின் விகிதத்தை எடுத்து, அந்தத் தேதியைக் குறிப்பில் எழுதுங்கள். இறக்குமதி வினைப்பொருள்களை வெளிநாட்டு நாணயத்தில் வாங்குவதென்றால் நாணயம் 10 விழுக்காடு சரிந்தால் எந்த வேலையைக் குறைப்பது என்று இப்போதே உங்களுக்குள் முடிவு செய்யுங்கள். விண்ணப்பத்தில் எழுத வேண்டியதில்லை.

---

உலர்பனி

மண் என்று எழுதியிருப்பதால் நுழைகிறேன். தயவுசெய்து மண்ணை அனுப்பும் திட்டத்தையே விடுங்கள்.

மண் என்பது தாவரத் தனிமைப்படுத்தல் சட்டங்களில் ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். பெறும் நாட்டின் இறக்குமதி அனுமதி, பெட்டி கிளம்புவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். பெறும் ஆய்வகம் அதற்கென அங்கீகரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். பயன்படுத்திய மண்ணை எப்படி அழித்தீர்கள் என்ற பதிவும் கேட்பார்கள். அனுமதி இல்லாமல் வந்த பெட்டியைச் சுங்கத்தில் எரித்துவிடுவார்கள், அல்லது திருப்பி அனுப்புவார்கள்.

களத்துக்குப் பக்கத்திலேயே டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து அதை அனுப்புங்கள். தூய்மையாக்கிய டி.என்.ஏ.வில் உயிருள்ள எதுவும் இல்லை, தனிமைப்படுத்தல் தலைவலி வெகுவாகக் குறையும். உலர்த்தி அனுப்பினால் சில நாள்கள் சாதாரண வெப்பநிலையில் தாங்கும், பனிக்கட்டியே வேண்டாம். எத்தனாலில் போட்டு அனுப்ப நினைக்காதீர்கள். அது எரியக்கூடிய திரவம், விமானச் சரக்கில் வேறு விதிகள் தொடங்கிவிடும்.

உலர்பனியில்தான் அனுப்பியாக வேண்டும் என்றால்: அது −78.5 டிகிரியில் நேராக வாயுவாகும். பெட்டியின் தரத்தைப் பொறுத்து நாளுக்கு இரண்டு முதல் நான்கு கிலோ கரையும். வழியில் மூன்று நாள், சுங்கத்தில் இரண்டு நாள் என்று வைத்தால் நடுத்தரக் கணக்கில் 15 கிலோ. வெள்ளிக்கிழமை அனுப்பவே கூடாது. பெட்டி காற்றுப்புகாமல் மூடியிருக்கக் கூடாது, வாயு வெளியேற வழி இல்லாவிட்டால் வெடிக்கும். வெளியே யு.என். 1845 குறியீடும் உலர்பனியின் நிகர எடையும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அறிவியல் பக்கமும் ஒரு பொறி இருக்கிறது. பிரித்தெடுக்கும் கிட்டின் பிராண்டோ லாட் (உற்பத்தித் தொகுதி) எண்ணோ மாறினால் நுண்ணுயிர்க் கூட்டத்தின் விகிதாச்சாரம் மாறித் தெரியும். இரண்டு களங்களுக்கு இடையே வேறுபாடு என்று நினைப்பது உண்மையில் இரண்டு கிட்டுகளின் வேறுபாடாக இருக்கும். எல்லா மாதிரிக்கும் ஒரே லாட் வாங்குங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் மண்ணே இல்லாத வெற்று மாதிரி ஒன்று, கலவை தெரிந்த செயற்கை மாதிரி ஒன்று வையுங்கள். வெற்று மாதிரியையும் வரிசைப்படுத்த வேண்டும், செலவு என்று விட்டுவிடக் கூடாது.

---

நுண்வேர்

மிக்க நன்றி. அப்படியானால் டி.என்.ஏ. மட்டும் போவதால், உயிர்வள உரிமை பற்றிய பன்னாட்டு உடன்பாடான நகோயா நெறிமுறை பொருந்தாதா? வரிசைத் தரவை மட்டும் இணையம் வழி அனுப்பினால்?

---

வரைவுமேசை

பொருந்தும். தனிமைப்படுத்தல் என்பது நோய் பரவுவதைப் பற்றியது. நகோயா உரிமையைப் பற்றியது. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

நகோயா நெறிமுறை 2010இல் ஏற்கப்பட்டு, 2014 அக்டோபர் 12இல் நடைமுறைக்கு வந்தது. மனிதரல்லாத உயிரின் மரபுவளத்தை ஆய்வுக்கு எடுக்க, அந்த வளம் இருக்கும் நாடு விவரம் அறிந்து முன்கூட்டியே தரும் ஒப்புதலும், பயனைப் பகிர்வதற்கான இருதரப்பு நிபந்தனைகளும் வேண்டும். நுண்ணுயிரும் இதில் அடக்கம். சில நாடுகள் வணிகநோக்கில்லாத ஆய்வுக்குச் சுருக்கமான நடைமுறை வைத்திருக்கின்றன. சில நாடுகள் ஒப்புதலே கேட்பதில்லை. ‘ஏபிஎஸ் (அணுகலும் பயன்பகிர்வும்) கிளியரிங் ஹவுஸ்’ என்ற இணையத்தளத்தில் ஒவ்வொரு நாட்டின் விதியும் தொடர்பு அலுவலகமும் இருக்கும். வேலையை அங்கிருந்து தொடங்குங்கள். ஒப்புதல் கிடைத்தால் அதே தளத்தில் பதிவாகும் சான்றிதழ் எண்ணைக் குறித்துவையுங்கள், சில ஆய்விதழ்களும் பெறும் நாட்டு அதிகாரிகளும் கேட்பார்கள். மாதங்கள் ஆகும் வேலை இது. நிதி வந்தபிறகு விண்ணப்பித்தால் அளவுகோல் சொன்ன அந்த முதல் பருவம் நிச்சயம் போச்சு.

வெறும் வரிசைத் தரவு என்பது இன்னும் கொதிநிலையில் இருக்கும் விஷயம். அதைப் பயன்படுத்தி லாபம் பார்க்கும் நிறுவனங்கள் பங்களிப்பதற்காகக் ‘காலி நிதி’ (கொலம்பியாவின் காலி நகரின் பெயரில்) என்று ஒன்று 2025 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. அது பல்கலைக்கழகக் குழுக்களைக் குறிவைத்தது அல்ல. ஆனால் சில நாடுகள் தங்கள் உள்நாட்டுச் சட்டத்திலேயே தரவையும் சேர்த்திருக்கின்றன, அதைப் பார்க்காமல் பொதுத்தளத்தில் ஏற்ற வேண்டாம்.

இனி ஒப்பந்தம். முழு ஒப்பந்தத்தை விண்ணப்பத்துக்கு முன்பே போட முயன்றால் இரண்டு சட்டப்பிரிவுகளும் கடைசி நாள் தாண்டியும் பேசிக்கொண்டே இருக்கும். விண்ணப்பத்துக்கு முன் இரண்டு பக்கம் போதும், சட்டரீதியாகக் கட்டுப்படுத்தாத குறிப்பாக. யார் எதைக் கொண்டுவருகிறார்கள், எந்தத் தரவு எப்போது யாருக்கு, ஆசிரியர் வரிசை எந்த விதியில், மாணவரின் ஆய்வேட்டுக்கு எந்தப் பகுதி ஒதுக்கம், ஒருவர் விலகினால் தரவு யாரிடம். இவ்வளவுதான்.

நிதி அறிவித்தபின், முதல் மாதிரி நகர்வதற்கு முன், முறையான ஒப்பந்தம். அதில் பலர் ‘கூட்டாகக் கண்டறிந்தது கூட்டாகச் சொந்தம்’ என்று ஒரு வரி எழுதி நிம்மதியாகிவிடுவார்கள். அந்த ஒரு வரிதான் பின்னால் வம்பு. கூட்டு உரிமை என்ற சொல்லுக்கு நாட்டுக்கு நாடு பொருள் வேறு. அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமையின் ஒவ்வொரு கூட்டு உரிமையாளரும் மற்றவரைக் கேட்காமலே பிறருக்கு உரிமம் கொடுக்கலாம். பிரிட்டனிலும் ஜப்பானிலும் மற்றவர் சம்மதம் இல்லாமல் கொடுக்க முடியாது. ஒப்பந்தம் இதில் வாய் திறக்காவிட்டால், அந்தந்த நாட்டுச் சட்டம் பேசும். ஆகவே பங்கு எவ்வளவு, காப்புரிமைச் செலவு யார் கட்டுவது, உரிமம் கொடுக்க யார் சம்மதம் என்ற மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள். இரு அரசுகளுக்கும் இடையிலான அறிவியல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் அறிவுசார் சொத்துரிமைக்கென ஓர் இணைப்பு இருக்கும் வாய்ப்பு அதிகம். அதைத் தேடி எடுத்துப் படியுங்கள். உங்கள் ஒப்பந்தம் அதற்கு முரணாக இருந்தால் முகமை கையெழுத்துப் போட விடாது.

---

செர்ன்வாசி

ஹொரைசன் ஐரோப்பா பற்றிய கேள்வியை யாரும் தொடவில்லை. சுலபமா என்றால், இல்லை. வேறு வகைச் சிரமம்.

வழக்கமான கூட்டுத் திட்டத்துக்குக் குறைந்தது மூன்று வெவ்வேறு நாட்டு நிறுவனங்கள் வேண்டும். மூன்றும் ஐரோப்பிய ஒன்றிய உறுப்பு நாடுகளாகவோ இணைவு நாடுகளாகவோ (ஒன்றியத்தோடு ஒப்பந்தம் செய்து இத்திட்டத்தில் சேர்ந்தவை) இருக்க வேண்டும், அதில் ஒன்றாவது உறுப்பு நாடாக இருந்தே ஆக வேண்டும். ஆகவே உங்கள் இரண்டு குழுவை மட்டும் வைத்துப் போக முடியாது. வெளிநாடுகளுக்குப் பணமே கிடைக்காது என்பார்கள், அது தவறு: குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் பல தாமாகவே நிதித் தகுதி பெறுகின்றன. சீனா, இந்தியா, பிரேசில் போன்ற பெரிய நாடுகள் அந்தப் பட்டியலில் இல்லை. அவை சேரலாம், ஆனால் பொதுவாகத் தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மதிப்பெண்: சிறப்பு, தாக்கம், செயலாக்கம் ஒவ்வொன்றும் 5க்கு. ஒவ்வொன்றிலும் குறைந்தது 3, மொத்தம் 15க்கு 10 தேவை. அது வாசல்தான், பணம் கிடைக்கும் மதிப்பெண் பெரும்பாலும் அதைவிட வெகு மேலே. மறைமுகச் செலவுக்கு 25 விழுக்காடு நிலையான விகிதம். இப்போது பல அழைப்புகள் மொத்தத்தொகை முறைக்கு மாறிவிட்டன: ரசீது காட்ட வேண்டியதில்லை, ஆனால் ஒரு வொர்க் பேக்கேஜ் (திட்டத்தின் ஒரு வேலைத்தொகுதி) முடியவில்லை என்றால் அதற்கான தொகை அந்தத் தவணையில் வராது. கூட்டாளி ஒருவர் தூங்கினால் அந்தப் பேக்கேஜில் உள்ள எல்லார் தொகையும் நிற்கும். அதனால் நீண்ட பேக்கேஜ்களை அறிக்கைக் காலங்களை ஒட்டி உடைத்து வைப்பது நல்லது.

ஆய்வுப் பணம் வேண்டாம், கூடிப் பேசப் பணம் போதும் என்றால் காஸ்ட் (ஐரோப்பிய ஆய்வு வலைப்பின்னல் திட்டம்) இருக்கிறது. 1971 முதல் நடக்கிறது. கூட்டம், குறுகிய கால வருகை, பயிற்சிப் பள்ளி இவற்றுக்கு மட்டும். வேதிப்பொருளோ சம்பளமோ கிடையாது.

அரசியல் பக்கமும் கொஞ்சம். பிரிட்டன் வெளியேறியபின் ஹொரைசன் இணைவு 2024 ஜனவரி 1இல்தான் வந்தது. நடுவில் தேர்வான பிரிட்டன் குழுக்களுக்கு அந்நாட்டு அரசே உத்தரவாத நிதி கொடுத்துத் தாங்கியது. எல்லா அரசும் அப்படிச் செய்யாது. ஜெனீவா அருகே உள்ள துகள் இயற்பியல் ஆய்வகமான செர்ன், ரஷ்யாவுடனான ஒத்துழைப்பை 2024 நவம்பர் 30உடன் முடித்தது. அமெரிக்காவின் மருத்துவ ஆய்வு முகமையான என்.ஐ.எச். 2025 மே மாதத்தில், அமெரிக்கக் குழு தன் நல்கையிலிருந்து வெளிநாட்டுக் குழுவுக்குத் துணை நல்கையாகப் பணம் பிரித்துக் கொடுக்கும் பழைய முறையை நிறுத்தி, வெளிநாட்டுக் குழுவோடு தனிக் கணக்கு வைக்கும் முறைக்குப் போவதாக அறிவித்தது. ‘கூட்டாளிதான் பணம் தருவார்’ என்ற திட்டம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்று பாருங்கள். தன் நாட்டுப் பணத்தில் தன் பங்கைச் செய்யும் உங்களுடையதைப் போன்ற ஏற்பாடு சிறிதாக இருந்தாலும் அந்த வகையில் உறுதியானது.

பெரிய திட்டங்களிலும் அரசுகள் பணத்தைவிடப் பொருளாகக் கொடுக்கவே விரும்புகின்றன, உள்நாட்டுத் தொழிற்சாலைக்கு வேலை கிடைக்கும் என்பதால். பிரான்ஸில் கட்டப்படும் ஐட்டர் அணுக்கரு இணைவு உலையில் ஐரோப்பா ஏறத்தாழ 45 விழுக்காடு, மற்ற ஆறு உறுப்பினர்கள் ஆளுக்கு 9 விழுக்காடு, பெரும்பகுதி பாகங்களாக. வெற்றிடக் கலனின் ஒன்பது பகுதிகளில் நான்கு கொரியாவிலும் ஐந்து ஐரோப்பாவிலும் ஆக வேண்டியவை. 2022இல் பற்றவைக்க வேண்டிய விளிம்புகள் அளவில் பொருந்தவில்லை என்று தெரிந்து, பழுதுபார்க்கும் வேலை வந்தது. ஆள் ஆளுக்குப் பாகம் செய்தால் இணைப்பு விளிம்புதான் யாருக்கும் சொந்தமில்லாமல் போகும். உங்கள் திட்டத்தில் அந்த விளிம்பு, டி.என்.ஏ. குழாயும் அதனோடு போகும் விவரப் பட்டியலும்.

---

அளவுகோல்

செர்ன்வாசி சொன்ன ‘விளிம்பு’ சரியான இடம். அதற்கு ஒரு பக்க ஆவணம் போடுங்கள்: குழாய் எண் வடிவம், குறைந்தபட்ச டி.என்.ஏ. அளவு நானோகிராமில், அதை அளந்த முறை, தரவுக்கோப்பின் நெடுவரிசைப் பெயர்கள், தேதி எழுதும் முறை, அட்சரேகை தீர்க்கரேகை தசமத்தில். 03/04 மார்ச்சா ஏப்ரலா என்று 600 மாதிரிக்கும் பின்னால் தேடுவதைவிட இது மேல்.

கடைசி வாரத்துக்கு: இரண்டு விண்ணப்பத்திலும் தலைப்பு, முதன்மை ஆய்வாளர் பெயரின் எழுத்துக்கூட்டல், கால அளவு மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பதிவாகியிருந்தாலோ தலைப்பு வேறாக இருந்தாலோ ஜோடி சேராத விண்ணப்பம் என்று இரண்டையும் தள்ளுவார்கள். கடைசி நேரம் எந்த நாட்டு நேரம் என்று பாருங்கள், இரண்டு தளமும் ஒரே மணிக்கு மூடாது. நிறுவனத் தலைவரின் கையெழுத்துக்குப் பத்து வேலை நாள் முன்பே கோப்பை அனுப்பிவிடுங்கள், அவர் பயணத்தில் இருந்தால் யார் கையெழுத்திடலாம் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

---

வரைவுமேசை

ஒன்று விட்டுப்போனது. படிவத்தில் ‘நடப்பு, நிலுவை நிதியுதவி’ என்று ஒரு பகுதி வரும். இரு பக்க ஆய்வாளர்களும் மற்ற எல்லா நல்கைகளையும், வெளிநாட்டுப் பதவிகளையும், சம்பளமில்லாத கௌரவப் பதவிகளையும்கூட அதில் எழுத வேண்டும். ஒரே நபரின் 12 மாத உழைப்பை மூன்று திட்டங்களில் 6 மாதம் 6 மாதமாக விற்றிருந்தால் கூட்டிப் பார்த்தாலே தெரியும். அமெரிக்கப் பக்கக் கூட்டாளி என்றால் இதில் விடுபடுவது விண்ணப்பம் போவதோடு நிற்காது. ஆய்வுப் பாதுகாப்பு விசாரணை வரை போகும். கௌரவப் பதவியை எழுதுவதா வேண்டாமா என்று சந்தேகம் வந்தால் எழுதிவிடுங்கள்.